ஆறாவது சால்வை

2024 ஜனவரி 13, சனிக்கிழமை மாலை, தில்லி ஆர்.கே.புரத்தில் ஒரு தமிழர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆறு பேருக்குச் சால்வை போர்த்தப்பட்டது. நிகழ்ச்சி நிரலில் ஐந்து பெயர்கள்தான் இருந்தன. ஆறாவது சால்வை, சங்கச் செயலாளர் ரத்தினவேலின் மனைவி கவிதாவுடையது.

அதை அவள் நவம்பரில் வாங்கியிருந்தாள். அதற்கு முந்தைய மாதம், அலுவலகத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நெஞ்சு அடைத்து, விரல்கள் மரத்து, செத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு கடைசி நிறுத்தம்வரை எழ முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்து, "மேடம்ஜி, பஸ் காலி ஹோ கயி" என்று பஸ் காலியானதைச் சொன்ன பிறகுதான், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மருத்துவமனையில் இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்றார்கள். மனநலப் பிரிவில் இருந்த இளம் பஞ்சாபிப் பெண், மறுபடி அது வரும்போது பிடித்துக்கொள்ளச் சில பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கச் சொன்னாள். தொடுவதற்கு, முகர்வதற்கு, வாயில் போட்டுக்கொள்வதற்கு. எவை என்று அவள் சொல்லவில்லை. கம்பளியோடு வந்த, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் காரமான இஞ்சி மிட்டாயும், ஆபீஸ் பார்சலிலிருந்து கிழித்து வந்த குமிழ்த்தாளும், மடிப்புகளுக்குள் வெட்டிவேர் வைத்த மெரூன் சால்வையும் சேர்ந்தன. குமிழ்களை ஒவ்வொன்றாக நசுக்கி உடைப்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சால்வையைத் தலையோடு மூடிக்கொண்டால்தான் மூச்சு கீழே இறங்கியது. டிசம்பரில் இரண்டு முறை அப்படி இறங்கியது.

"என்ன இது, பிரசவத்துக்குக் கட்டி வச்ச பை மாதிரி இருக்கு?" என்றார் ரத்தினவேல்.

"அதேதாங்க. வலி எப்ப வரும்னு தெரியாதுல்ல."

அவர் சிரித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

கூட்டம் என்றாலே அவளுக்கு இப்போது பயம். "செக்ரட்டரி பொண்டாட்டி முன்வரிசையில இல்லேன்னா நல்லாவா இருக்கும்? ரெண்டு பிளாக் தள்ளித்தான இருக்கு வீடு" என்றார் ரத்தினவேல். ஏதாவது ஆனால் ஓடி வந்துவிடலாம், பை பீரோவில் இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவள் போனாள்.

ஓய்வுபெற்ற அதிகாரி ராஜகோபால் அழைக்காமலே வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்டதால் மேடையில் சிறு பதற்றம் ஏற்பட்டது; சால்வைகள் ஐந்துதான் இருந்தன. ரத்தினவேல் எங்கோ மறைந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். ஆறாவதாக ராஜகோபாலின் பெயர் அறிவிக்கப்பட்டது. மெரூன் சால்வை விரிந்தபோது இரண்டு வெட்டிவேர்த் துணுக்குகள் மேடையில் உதிர்ந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். கவிதாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. விரல் நுனிகள் மரக்கத் தொடங்கியிருந்தன. வீட்டுக்கு ஓடலாம். ஓடி என்ன செய்வது? பீரோவில் மிட்டாயும் குமிழ்த்தாளும் இருக்கும். குழந்தைகளின் நடனத்துக்குப் பாட்டு ஒலித்தது, அது தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் கேட்டது. ராஜகோபால் இறங்கி வந்து அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தச் சால்வை எனக்கு வேணும்."

"என்னம்மா?"

"என்னோடது. மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க. குடுத்துருங்க சார்."

அவர் காதில் கருவி வைத்திருந்தார். அதனால் சத்தமாகப் பேசினார். "போத்தின சால்வையத் திருப்பிக் கேக்கறதா? நாப்பது வருஷமா தில்லில இருக்கேன், இப்படி ஒரு மரியாதைய நான் பார்த்ததில்லை!" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் நகரவில்லை. அவள் நீட்டிய கைகளை அவர் பார்த்தார். பிறகு, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு சால்வையைக் கழற்றி நீட்டினார்.

வெளியே செருப்புகள் கிடந்த படியில் உட்கார்ந்து தலையோடு மூடிக்கொண்டாள். வெட்டிவேர் வாசனை இல்லை. வரவேற்பில் தெளித்த பன்னீரும் யாரோ ஒருவருடைய பவுடரும்தான் மணந்தன. அந்த மணத்தில் மூச்சு பாதி வழியில் நின்றது. சிறிது நேரத்தில் கணவரின் கால்கள் அவள் முன்னால் வந்து நின்றன.

"ஒரு சால்வை கவிதா. ஒரே ஒரு சால்வை. நாளைக்கே வேற வாங்கித் தந்திருக்க மாட்டேனா? எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே."

அவள் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். உள்ளே ஒலிபெருக்கியில் செயலாளரை நன்றியுரைக்கு அழைத்தார்கள். அவர் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தினவேல் சரோஜினி நகரில் புதுச் சால்வை ஒன்று வாங்கிக்கொண்டுபோய் ராஜகோபாலிடம் கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். கவிதா மெரூன் சால்வையைத் துவைத்துப் பால்கனிக் கொடியில் போட்டாள். அன்று வெயில் வரவில்லை. திங்களன்று, பொங்கலுக்கும், அது ஈரமாகவே கிடந்தது.