வாசலைவிடப் பெரிய தொட்டி

பட்டன்காரரின் மைத்துனன் வந்திறங்கியபோது அவன் கையில் ஒரு பையும் ஒரு அளவு டேப்பும் இருந்தன. பையைப் பார்த்துப் பட்டன்காரர் பயப்படவில்லை. பையோடு வருகிறவன் பையோடு போய்விடுவான். டேப்போடு வருகிறவனைத்தான் கவனிக்க வேண்டும்.

பட்டன், ஜிப், லேஸ் என்று தையல் சாமான்களை மொத்தமாக விற்கிறவர் அவர். சந்தையில் இடம் எப்படிக் கைமாறுகிறது என்பது அவருக்கு அத்துப்படி. எவனும் வந்து இந்த இடத்தை எனக்குக் கொடு என்று கேட்பதில்லை. முதலில் ஒரு ஸ்டூல் வரும். ஸ்டூலில் உட்கார்ந்தவனுக்கு வெயில் அடிக்கும், ஆகவே ஒரு தார்ப்பாய் வரும். தார்ப்பாய் பறக்கும், ஆகவே நாலு கம்பு வரும். கம்பு நட்ட பிறகு போய் இது யார் இடம் என்று கேட்டால், கேட்டவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பான். பட்டன்காரரின் கடையே அப்படி முளைத்ததுதான். அதனால் அடுத்தவன் ஸ்டூலைத் தூக்கும்போதே அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

மைத்துனனுக்குப் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. மரப்படகின் விரிசலில் பிசின் பூசி, தண்ணீர் புகாமல் அடைப்பான். விரல்களில் எப்போதும் ஏதாவது காய்ந்து ஒட்டியிருக்கும் என்பதால் குடும்பத்தில் அவனுக்குக் கோந்து என்று பெயர். பட்டறைக்கு லீவு போட்டிருப்பதாகச் சொன்னான். எத்தனை நாள் என்று பட்டன்காரர் கேட்டார்.

"வேலை முடியட்டும் மாமா."

"என்ன வேலை?"

"மீன் தொட்டி ஒண்ணு கட்டலாம்னு. ப்ளைவுட்ல. முன்பக்கம் மட்டும் கண்ணாடி."

"கடையில ரெடியா கிடைக்குதே மாப்ளே. கையில பிடிச்சுக்கிட்டு வந்துடலாம்."

"அதெல்லாம் சின்னது மாமா. இது ஒரு முழு ஷீட் அப்படியே அடிப்பலகை. வெட்டறதே இல்ல."

முழு ஷீட் என்றால் எட்டடி நீளம், நாலடி அகலம். உயரம் மூன்றடி. கட்டப்போவது முன்னறையில். கோந்து குளிக்கப் போன நேரத்தில் பட்டன்காரர் அவனுடைய டேப்பையே எடுத்து முன்னறை வாசலை அளந்தார். ரெண்டரை அடி. டேப்பைச் சுருட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, உட்கார்ந்து யோசித்தார். அறைக்குள்ளேயே பிறந்து, வாசல் வழியாக வெளியே போக முடியாத ஒன்றுக்குப் பெயர் மீன் தொட்டி இல்லை. அதற்குப் பெயர் குடித்தனம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் குடியிருந்த வீடு மனைவியின் அப்பா விட்டுப்போனது. அக்காவே வச்சுக்கட்டும், எனக்கு வேண்டாம் என்று கோந்து சொல்லியிருந்தான். வேண்டாம் என்பதை வாயால்தான் சொல்லியிருந்தான். வாயால் வேண்டாம் என்றவன் மரத்தால் வேண்டும் என்கிறானோ?

அதுவும் எந்த அறையில்? மாடியில் ஜிப் பெட்டிகள். கட்டிலுக்கு அடியில் சட்டைப் பட்டன். சமையலறைப் பரணில் கொக்கிகள். முன்னறையை ஒட்டிய நடையில், சுவரோடு சுவராக, தரையிலிருந்து நூல்கண்டு அட்டைப்பெட்டிகள். வீட்டில் மிச்சம் இருந்தது முன்னறை ஒன்றுதான். அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. லேஸ் சரக்குக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. வந்தால் முன்னறையில்தான் இறங்கும் என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தார். அவள் சரி என்று சொல்லவில்லை. "ம்" என்றாள். ம் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவர் தொழில் பழக்கம்.

அவளிடமே மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, உன் தம்பி கட்டறது நாளைக்கு வெளியே எப்படிப் போகும்?"

"எதுக்கு வெளியே போகணும்?"

"அவன் ஊருக்குக் கிளம்பினா எடுத்துக்கிட்டுப் போக வேண்டாமா?"

"மீன் தொட்டியைத் தூக்கிக்கிட்டு யாராவது பஸ்ஸுல போவாங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

ப்ளைவுட் வந்தது. நிமிர்த்திப் பிடித்தபடி ஒவ்வொரு பலகையாக அந்த ரெண்டரை அடி வாசலுக்குள் நுழைந்ததைப் பட்டன்காரர் நின்று பார்த்தார். நுழையும்போது எல்லாம் ஒல்லியாகத்தான் நுழைகின்றன. கோந்து தாழ்வான ஒரு மர ஸ்டாண்டின் மேல் பலகைகளைப் பசை தடவிச் சேர்த்து, நெருக்க நெருக்கமாக ஸ்க்ரூ முடுக்கினான். மூலைகளில் ஃபைபர் துணியை ஒட்டி, உள்பக்கம் முழுக்கப் பிசினைக் கலக்கி நீல நிறத்தில் பூசினான். காய்ந்ததும் தேய்த்தான். தேய்த்ததும் மறுபடி பூசினான். மீனுக்கு எதற்கு இத்தனை பூச்சு? மாசக்கணக்கில் இருக்கப்போகிறவன் இப்படிப் பூசமாட்டான். வருஷக்கணக்கில் இருக்கப்போகிறவன்தான் பூசுவான்.

"என்ன மீன் விடப்போறே மாப்ளே?"

"அதை அக்காவைக் கேளுங்க."

கேள்வி கேட்டால் ஆளைக் கைகாட்டுகிறான். இந்தத் தந்திரத்தையும் அவர் சந்தையில் பார்த்திருக்கிறார்.

கண்ணாடியைக் கொண்டுவந்தவர் அவருக்குத் தெரிந்த கண்ணாடிக்கடைக்காரர். விரல் தடிமனில் இரண்டு கண்ணாடிகள், போர்வையில் சுற்றி, அவரும் அவருடைய ஆளும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இறக்கினார்கள். கோந்து பசைக்குழாய் வாங்கப் போயிருந்தான். பட்டன்காரர் கடைக்காரரை ஓரமாக அழைத்துப் போனார்.

"கண்ணாடியை வெளிப்பக்கம் ஒட்டுவானா, உள்பக்கமா?"

"உள்பக்கம்தாண்ணே. வெளியே ஒட்டினா தண்ணி தள்ளிவிட்டுடும். உள்ளே ஒட்டினா தண்ணியே சட்டத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும்."

"பின்னால கழட்டணும்னா?"

"தண்ணியெல்லாம் எடுத்துட்டு, பசையை அறுக்கணும்."

"கண்ணாடியை இல்லய்யா. மொத்தத் தொட்டியையும் இந்த ரூமைவிட்டு எடுக்கணும்னா?"

கடைக்காரர் தொட்டியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கடைசியில் பட்டன்காரரைப் பார்த்தார். "ஒண்ணு தொட்டியை உடைக்கணும், இல்லேன்னா சுவரை இடிக்கணும். உங்க இஷ்டம்."

"தண்ணியோட தள்ளி வைக்கலாமா?"

"நிறைஞ்சா லாரி லோடுண்ணே. அதை நீங்க நகர்த்த முடியாது. அதுதான் உங்களை நகர்த்தும்."

அன்று மாலை பட்டன்காரர் ஒரு சோதனை வைத்தார். நடையிலிருந்து ஒரு நூல்கண்டுப் பெட்டியைத் தூக்கி முன்னறை மூலையில், தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவே வைத்தார். ஸ்டூல் மாதிரி, ஒரே ஒரு பெட்டி. மறுநாள் அது பழைய இடத்தில் இருந்தது. துடைத்து வைக்கப்பட்டிருந்தது. ரெண்டு பெட்டி வைத்துப் பார்த்தார். ரெண்டும் திரும்பிவிட்டன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் போடுகிறவனோடு பேரம் பேசலாம். சத்தமே இல்லாமல் பெட்டியைத் திருப்பி வைக்கிறவனை என்ன செய்வது? சாப்பாட்டு நேரத்தில் கோந்தின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். அவன் குனிந்து தட்டைப் பார்த்தான். குற்றவாளிதான் அப்படிக் குனிவான். பசிக்கிறவனும் அப்படித்தான் குனிவான் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

கடை விடுமுறை நாள். லேஸ் லாரி வந்து சேரும் நாளும் அதுதான். கண்ணாடி ஒட்டிய பசை காய்ந்துவிட்டது, இன்றைக்குத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்று கோந்து காலையிலேயே அறிவித்தான். குழாயைச் சரிசெய்ய அவன் பின்கட்டுக்குப் போன சமயம், பட்டன்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு ஏறித் தொட்டிக்குள் இறங்கினார். ஒரு குறை கிடைத்தால் போதும். ஒரு மூலையில் பூச்சு விட்டிருந்தால், ஒரு ஸ்க்ரூ துருத்தியிருந்தால், வேண்டாம் மாப்ளே, ஆபத்து என்று அக்கறையாகச் சொல்லி நிறுத்திவிடலாம். அவர் முட்டி போட்டு, கண்ணாடி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். வழவழவென்று இருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையா? சந்தேகம் இன்னும் ஏறியது.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அகலமான ஒரு பலகைத் தூண் இருந்தது. அதன் மறைவில் அவர் குனிந்திருந்தபோது, மனைவியும் கோந்தும் அறைக்குள் வந்தார்கள்.

"அக்கா, மாமா என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல. வீட்டைப் பிடிக்க வந்தவன் மாதிரி பாக்கறாரு. நீ கட்டச் சொன்னதுதான்னு சொல்லிடேன்."

"சொன்னா இன்னிக்கே லேஸ் வந்து இறங்கிடும். தண்ணி நிறையட்டும்."

"பெட்டியைத் திருப்பி வச்சதும் நான்தான்னு நினைச்சிட்டிருக்காருக்கா."

"நினைக்கட்டும். பெட்டின்னா தூக்கி வெளியே வச்சிடுவேன். லாரி லோடு லேஸை எங்கே தூக்குவேன்? அவரு தூக்க முடியாத ஒண்ணை நான் முந்தி வச்சாத்தான் இந்த ரூம் தங்கும்."

பட்டன்காரர் எழுந்து நின்றார். தொட்டியின் விளிம்புக்கு மேலே இடுப்பிலிருந்து தெரிந்தார். கோந்தின் கையிலிருந்து குழாய் நழுவியது. மனைவி மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"வெளியே வாங்க," என்றாள்.

கூட இருந்தே குழி பறித்தவள் இவளா என்று அவர் வாய்வரை வந்தது. அதற்குள் அவருடைய வியாபார மூளை விழித்துக்கொண்டது. தான் நிற்கிற இடம் எது என்று பார்த்தார். ஆள் உள்ளே இருக்கும்வரை எப்படித் தண்ணீர் விடுவார்கள்? அவர் தொட்டியின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் வரல. லேஸுக்கு ஒரு வழி சொல்லு, வரேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நேர் எதிரே உட்கார்ந்தாள். "டேய், பைப்பைத் திற."

"அக்கா, மாமா உள்ள இருக்காரு."

"மீன் உள்ள இருந்தா தண்ணி விடமாட்டியா?"

கோந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அக்கா சொன்னதைச் செய்தான். தண்ணீர் சில்லென்று வந்து பட்டன்காரரின் வேட்டியை நனைத்தது. அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாதி ரூம் குடு," என்றார்.

"இல்ல."

"தொட்டிக்குக் கீழ ஸ்டாண்டுல காலி இடம் இருக்கே. அதையாவது குடு."

"அங்க மோட்டாரு வருது."

"மோட்டாரு எவ்வளவு இடம் பிடிக்கும்? பக்கத்துல ஒரு நாலு பெட்டி."

"நீங்க நாலுன்னா அது நாப்பது. எனக்குத் தெரியாதா? கட்டிலுக்குக் கீழயும் நாலுன்னுதான் ஆரம்பிச்சீங்க."

"வியாபாரம் நல்லா நடந்தா உனக்கும்தானே நல்லது?"

"போன தடவை என் தங்கச்சி வந்தப்ப எங்க உக்கார வச்சேன் தெரியுமா? சமையல் மேடை மேல. அடுப்புக்குப் பக்கத்துல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. நாற்காலி போட இடமில்ல, நடந்து பேச இடமில்ல. இது எங்கப்பா வீடு. இதுல எனக்கு உக்கார ஒரு ரூம் வேணும். அவ்வளவுதான்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. பட்டன்காரருக்கு அதுதான் கலக்கத்தைக் கொடுத்தது. பேரத்தில் எதிராளிக்கு அவசரம் இருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். இவளுக்கு அவசரமே இல்லை. அவளுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது, அறை கிடைத்துவிட்டது, பார்க்க எதிரே கண்ணாடியும் அதற்குப் பின்னால் ஒரு ஜீவனும் கிடைத்துவிட்டன. அவருக்கோ தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

"சாயங்காலம் வரைக்கும் இங்கேயே நிப்பேன்," என்றார்.

"நில்லுங்க. காப்பி வேணுமா?"

தண்ணீர் முழங்காலை நோக்கி ஏறியது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடை. நடையில், தரையோடு தரையாக, நூல்கண்டு. அட்டைப்பெட்டியில் பஞ்சு நூல். ஒரு மூலை விட்டால் போதும், ஒரு ஸ்க்ரூ ஓட்டையில் கசிந்தால் போதும், அத்தனை நூலும் உறிஞ்சிக்கொள்ளும். ஏதாவது ஒரு மூலை விட்டிருக்கக்கூடாதா என்று காலையில் ஆசைப்பட்ட அதே மனுஷர், இப்போது ஒவ்வொரு மூலையாகத் திரும்பிப் பார்த்தார். உள்ளே நின்றால் என்ன தெரியும்? எல்லாம் ஈரம். கசிவு வெளியேதான் தெரியும்.

"மாப்ளே, பின்பக்க மூலையைப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. காஞ்சுதான் இருக்கு."

"கையை வச்சுப் பாத்தியா, கண்ணால பாத்தியா?"

"கண்ணாலதான்."

கண்ணால் பார்த்தானாம். சரக்கு அவனுடையதா என்ன? பட்டன்காரர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தார். மனைவி முகத்தில் ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்தார். எதுவும் இறங்கவில்லை. தண்ணீர்தான் ஏறியது. கடைசியில் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே இறங்கினார். இறங்கியதோடு அறை கைமாறிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அந்த மரியாதையும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பழைய செய்தித்தாளைக் கிழித்து, பின்பக்க மூலையில் மேலிருந்து கீழாக ஒற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"காஞ்சிருக்கா மாமா?"

"இப்ப காஞ்சிருக்கு."

அடுத்த மூலைக்குப் போனார். அதுவும் காய்ந்திருந்தது. தன் கையிலிருந்து சொட்டிய துளி ஒன்று தாளில் விழுந்ததும், மூலை விட்டுவிட்டது என்றே நினைத்துவிட்டார். என்னவென்று தெரிந்துகொண்டு, கையை நன்றாகத் துடைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்தார். அடிப்பலகையும் முன்சட்டமும் சேரும் இடத்தில் குனிந்து, ஒரு சாணுக்கு ஒரு முறை ஒற்றிக்கொண்டே கண்ணாடிப் பக்கம் நகர்ந்தார்.

"லேஸை இன்னிக்கு எங்க இறக்கச் சொல்றது?" என்று அவர் தரையைப் பார்த்தே கேட்டார்.

"கடையில."

"கடையில இடமில்ல."

"இங்கயும் இல்ல. கொஞ்சம் தள்ளிக்குங்க, மறைக்குது."

நீலச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் வெளிச்சத்தோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன்காரர் தாளை ஒரு கையால் சட்டத்தில் அழுத்திப் பிடித்தபடியே, அவள் கேட்ட அளவுக்குத் தள்ளிக்கொண்டார்.