மூன்றாவது துண்டு

நாற்காலியைப் பார்த்ததும் பொன்னுலிங்கத்துக்கு முதல் சந்தேகம் வந்தது.

விடிவெள்ளி கலை விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழா மீன் பொரிப்பில் நாற்காலி என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நெய்மீன் வரும். வாலிபால் கோர்ட்டின் ஓரத்தில் அடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ந்துவிட்டால், கலெக்டரே வந்தாலும் தட்டோடு வரிசையில்தான் நிற்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கும் இரண்டு துண்டு மீனும். மூன்றாவது துண்டு கேட்டால் ஏச்சுதான் கிடைக்கும். போன வருடம் பொன்னுலிங்கம் கேட்டு வாங்கிய ஏச்சு ஒரு வாரம் ஊரில் ஓடியது.

இந்த வருடம் வேப்பமர நிழலில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. அதுவும் அவருக்காம்.

"அண்ணே, இஞ்ச இருங்க. வரிசையில நிக்கண்டாம். நான் கொண்டு தாறேன்."

சொன்னது மன்றச் செயலாளர் முருகதாஸ். பொன்னுலிங்கம் உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தார், வேறு எந்த அண்ணனைக் கூப்பிடுகிறான் என்று. இருபத்தாறு வருடமாக அவரை 'ஓய்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை மரியாதையாகக் கூப்பிடாதவன் அவன்.

காரணம் ஒரு பந்து. தொண்ணூற்றொன்பதில் மணவாளக்குறிச்சிக்காரர்களோடு இறுதிப் போட்டி. கடைசிப் பாயின்ட். பொன்னுலிங்கம் எம்பி அடித்த பந்து கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. கோட்டோரம் கொடி பிடித்து நின்ற முருகதாஸ், சொந்த மன்றத்துக்காரன், கொஞ்சமும் கூசாமல் அவுட் என்று கொடியைத் தூக்கிவிட்டான். கோப்பை போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு மீன் பொரிப்பிலும் இருவரும் கையில் மீனோடு சண்டை போடுவார்கள். பாதிக் கூட்டம் மீனுக்கு வரும், மீதிக் கூட்டம் சண்டைக்கு வரும்.

அவன் இன்று அண்ணே என்கிறான். பொன்னுலிங்கம் யோசித்தார். தன் பெயின்ட் கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் மன்றம் கண் வைத்துவிட்டதோ?

"லே, கடைக்குப் பொறத்த கெடக்க எடத்த நான் ஆருக்கும் தரமாட்டேன், கேட்டியா?"

"ஆரு கேட்டா அண்ணே? ஒங்க எடம் ஒங்களுக்கு."

முருகதாஸ் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டை நீட்டினான். கிழங்கின் மேல் இரண்டு நடுத்துண்டு. பக்கத்தில், கேட்காமலேயே, மூன்றாவது துண்டு.

கெட்டுப்போன மீனாக இருக்குமோ என்று மோந்து பார்த்தார். விரலால் அமுக்கிப் பார்த்தார். காலையில் துள்ளிய மீன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் மூன்றாவது துண்டைப் பார்த்தார்கள். ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவருக்கு மிகவும் பிடிக்கவில்லை.

மனைவி தாணம்மாளைத் தேடினார். பொரித்ததைக் கண்டாலே "கொலஸ்ட்ராலு, கொலஸ்ட்ராலு" என்று தட்டைப் பிடுங்குகிறவள் அவள். பெண்களோடு நின்றிருந்தவள் கிட்டே வந்து, மூன்று துண்டையும் பார்த்தாள்.

"தின்னுங்க. ஒரு நாளு தின்னா ஒண்ணும் செய்யாது" என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு ரிப்போர்ட் ஞாபகம் வந்தது. பத்து நாளுக்கு முன்னால் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாயை விட்டு, கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை மகள் சுபிதா போய்விட்டு வந்து, "ரிப்போர்ட் வரல்லப்பா, அடுத்த வாரம் ஆவும்" என்றாள். அவள் போய் வந்தது முருகதாஸின் காரில். பஸ் இல்லாத ஊரா இது? அன்றைக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

மகளிடம் கேட்டால் அழுவாள். தாணம்மாளிடம் கேட்டால் பொய் சொல்வாள். பொய் சொல்லத் தெரியாத ஒருவன்தான் அங்கே இருந்தான். பொன்னுலிங்கம் உரக்கக் கேட்டார்.

"லே முருகதாசு, அந்தப் பந்து எங்கலே விழுந்து?"

முருகதாஸ் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ளதான் அண்ணே" என்றான் கடைசியில். "கோட்டுக்கு உள்ள. எனக்குத்தான் கண்ணு பிசகிப்போச்சு."

இதைக் கேட்கத்தான் இருபத்தாறு வருடம் காத்திருந்தார். கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். இப்போது அவர் தாணம்மாளைத்தான் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். ரிப்போர்ட் வந்துவிட்டது. அதில் இருப்பது தன்னைத் தவிர ஊருக்கெல்லாம் தெரியும். அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"லே. அவுட்டுன்னு சொல்லு."

"அண்ணே..."

"அண்ணனும் மண்ணாங்கட்டியும்! நான் இன்னும் சாவல்ல. அவுட்டுன்னு சொல்லுலே!"

முருகதாஸ் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு குனிந்து, பொன்னுலிங்கத்தின் தட்டிலிருந்து மூன்றாவது துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"அவுட்டுதான் ஓய்!" என்று மீன் வாயோடு கத்தினான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஒரு சாண் வெளிய! பந்தத் தூக்கி வெளிய அடிச்சுப்போட்டு இருவத்தாறு வருசமா எனக்க உயிர எடுக்குதீரு! ஒமக்கு நாற்காலி வேறயா? எழும்பி வரிசையில போய் நில்லும்!"

பொன்னுலிங்கம் எழுந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார். அங்கிருந்து, அடுப்புக்குக் கேட்கும்படி, அவரும் தொடங்கினார்.

"அண்ணைக்கும் ஒனக்குக் கண்ணு தெரியாது, இண்ணைக்கும் தெரியாதுலே!"