நோட்டில் நான் எழுதிய பிரஷர்

1

இந்தக் கதை டாக்டர் கொடுத்த நோட்டில் பிறந்தது. முன்பக்கத்திலிருந்து என் மனைவியின் பிரஷர், நாள்வாரியாக. பின்பக்கத்திலிருந்து இந்தக் கதை. இரண்டும் என் கையெழுத்துதான். ஒன்று பொய். எதுவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்து விளையாட எனக்கு நேரமில்லை. முன்பக்கம்தான் பொய்.

மணி ஆறேகால். பத்து மணிக்கு டாக்டர் அந்த முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்கு மிச்சமிருக்கிற அரை மாத்திரையையும் நிறுத்தப்போகிறார். அவள் நடக்கப் போயிருக்கிறாள். ஏழு மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'அந்த டாக்டர் ஈவிரக்கமில்லாதவர், வந்தவர்களை நிமிர்ந்துகூடப்'

(நிறுத்திவிட்டேன். பழிபோட ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.)

டாக்டர் சின்ன வயதுப் பெண்மணி. "இந்த மாத்திரைய ஆயுசுக்கும் முழுங்கணுமா டாக்டர்?" என்று என் மனைவி கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

"இப்போதைக்கு மாத்திரையும் வேணும், நடையும் வேணும்மா. உப்பைக் குறைங்க. தினம் நாப்பது நிமிஷம் நடங்க. பத்து நிமிஷம் மெதுவா மூச்சை இழுத்து விடுங்க. நேரத்துக்குத் தூங்குங்க. மூணு மாசத்துல குறைஞ்சா மாத்திரையையும் குறைக்கலாம். நீங்களா நிறுத்தக் கூடாது, நோட்டைப் பாத்து நான் சொல்லணும்." என் பக்கம் திரும்பினார். "ஐயா, தினம் பாத்து எழுதிடுவீங்கல்ல?"

எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. மூச்சு விட்டால் பிரஷர் இறங்குமாம். எழுபத்தொரு வருஷமாக விட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? ஆனாலும் தலையாட்டினேன். அவரும் ஆள் யாரென்று விசாரிக்காமல் நோட்டைக் கொடுத்துவிட்டார்.

3

(இனி என்னைப் பற்றி. இதைக் கதைக்கு நடுவில் சொருகக் கூடாதுதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன், எனக்கு இப்படித்தான் வரும்.)

நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒரு ரிஜிஸ்டர் தொங்கும். கயிறு, பிரேக், கதவு எல்லாம் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யார் தினமும் மேலே ஏறுவது? திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் 'சரி, சரி, சரி' என்று எழுதிவிடுவேன். என் காலத்தில் ஒரு கயிறும் அறுந்ததில்லை. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

பதினோராம் நாள். நல்ல மழை. குடையோடு போய் நாற்பது நிமிஷமும் நடந்து, முழங்கால்வரை நனைந்து வந்தாள். கொஞ்சம் ஆறவிட்டு, வழக்கம்போல் பாதத்தைத் தரையில் பதித்து, கண்ணை மூடி, கையை மேசைமேல் வைத்தாள். பட்டையைச் சுற்றினேன். பிரஷர் மெஷின் எப்போதும் என் பக்கம் பார்த்து இருக்கும். 164.

"எவ்வளவுங்க?"

"பேசாத. பேசினா ஏறும்."

"அதான் காத்து இறங்கிடுச்சே. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க, லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவராட்டம்?"

ஈரப் புடவை, நரைத்த தலை, கூலிக்குக் காத்திருப்பதுபோல் ஒரு முகம்.

"நூத்தி நாப்பது" என்றேன்.

கதை என்று பார்த்தால் இதுதான் என் முதல் கதை. இரண்டே சொல். அவள் ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். "அக்கா, மூச்சு விட்டே இறக்கிட்டேன்! இவரு மூஞ்சியப் பாக்கணுமே, மனுஷனால நம்பவே முடியல!"

மறுநாள் ஏற்றி எழுத மனசு வரவில்லை. 138. பிறகு 136. ஒரு நாள் வேண்டுமென்றே 142 போட்டேன், இறங்கிக்கொண்டே போனால் சந்தேகம் வருமென்று. (இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.)

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நிஜமாகவே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக. இரண்டு மாதத்தில் 150 வரை. நடை, மூச்சு, உப்பு எல்லாமே வேலை செய்தன. நம்பாதவனுக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. அறுபதாம் நாள் டாக்டர் என் எண்களைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார். அதற்குப் பிறகு மெஷினில் 158. 166. நேற்று 174. நோட்டில் 126.

நேற்று மத்தியானம் சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமில்ல, சட்டுன்னு திரும்பிட்டேன்" என்றாள்.

5

முடிவு ஒன்று: டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன். அவள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள். (அவளை வெளியே உட்காரவைக்க இந்த உலகத்தில் ஆள் கிடையாது. கோடிட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமல் நானே அவளுக்கு முழு மாத்திரையாகக் கொடுத்துவிடுகிறேன். (திரும்பவும் அதே மோட்டார் அறை.)

முடிவு மூன்று: சொல்லவில்லை. மாத்திரை நிற்கிறது. ஒருநாள் காலை குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, நான் கதவைத் தட்டுகிறேன், அவள்

(இதற்குமேல் கை ஓடவில்லை.)

6

மெஷினின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. தட்டினால் பழைய எண்கள் தேதியோடு ஒவ்வொன்றாக வரும். விடாமல் அமுக்கிப் பிடித்தால் அத்தனையும் அழிந்துவிடும். இது அவளுக்குத் தெரியாது. வலது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேல் இருக்கிறது.

கதவுச் சத்தம். செருப்பை உதறுகிறாள்.

"என்னங்க, எழுதித் தள்ளுறீங்க? பிரஷருக்கு ரெண்டு நம்பர் போதுமே."

விரலை எடுத்துவிட்டேன்.

"உக்காரு."

உட்கார்ந்து, ஆறி, கண்ணை மூடிக்கொண்டாள். கையில் பட்டையைச் சுற்றினேன். மெஷின் உறும ஆரம்பித்ததும் அதை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"கண்ணத் தொற."

"தொறந்தா ஏறும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பொய். கண்ணாடிய மாட்டிக்கிட்டு நீயே பாரு. பாத்துட்டு அந்த ஓரத்துப் பொத்தானத் தட்டித் தட்டி விடு. அமுக்கிப் பிடிச்சிடாத. தொண்ணூறு நாளும் அதுல இருக்கு. நோட்டுல இருக்கிறது நான் எழுதினது."

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தேடுகிறாள். பட்டையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது.

முடிவு வேண்டுமென்றால் அவளைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். முன்பக்கத்தில் தொண்ணூறாம் நாளின் கட்டம் காலியாக இருக்கிறது. வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுதான். அதை அவளிடம் கொடுக்கிறேன்.