மாஸ்கோவுக்குப் போகாதவன்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடி, ஸ்டூலின் மேல் நின்று ஐந்தாவது படுக்கை விரிப்பைச் சுவரில் குத்திக்கொண்டிருந்தாள் ரிஸ்தி. இறந்தவர் கிடக்கும் வீட்டில் உருவப்படம் கண்ணில் படக்கூடாது. படம் இருக்கும் இடத்துக்கு வானவர்கள் வரமாட்டார்கள். கைர்கென் அண்ணனின் வீட்டிலோ படம் இல்லாத சுவரே இல்லை. கண்ணுக்கு மை தீட்டிய ஆண்கள். சிலுப்பிவிட்ட தலைமுடி. தொடையோடு ஒட்டிய பளபளக்கும் கால்சட்டை. உதடு விரிய ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். நாற்பது வருடமாக அந்த வாய் மூடவில்லை.

எல்லாவற்றையும் மூடியாகிவிட்டது. ஆனாலும் கதவு இடுக்கில் வந்த காற்றுக்கு விரிப்புகள் மெல்ல உப்பின, அடங்கின, மறுபடி உப்பின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவதைப் போல இருந்தது. ஓரத்தில் ஒரு முனை நழுவி, மை தீட்டிய ஒற்றைக் கண் அவளைப் பார்த்தது. அதையும் இழுத்துக் குத்தினாள்.

அறைக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் தரையில் கைர்கென் கிடந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. காரகண்டா நிலக்கரிச் சுரங்கத்தின் விளக்கு அறையில், கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. நேற்று சாயங்காலம் சூப் கொண்டுவந்த ரிஸ்திதான் முதலில் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்தார். காதில் ஹெட்போன். இசைத்தட்டு எப்போதோ முடிந்து, முள் மட்டும் நடுவில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. கண் மூடிக் கேட்கிறார் என்று நினைத்து, சூப்பை மேஜையில் வைத்துவிட்டுப் பாட்டு முடியட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். 

"ரிஸ்தி." பெரியண்ணன் அமன்தாய் வாசலில் நின்றிருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்க வீட்டிலும் டை கட்டியிருந்தார். கையில் அவளுடைய தையல் கத்திரிக்கோல். "கீழ வா. ஒரு வேலை இருக்கு."

"என்னண்ணே?"

"கர்க்கராலியிலேருந்து நம்ம ஆளுங்க ரெண்டு வண்டியில வர்றாங்க. பதினோரு மணிக்கு முல்லா வர்றாரு. முகத்தத் திறந்து பாக்கும்போது இப்படியா கிடப்பான்? மார் வரைக்கும் முடி! பொம்பளையா ஆம்பளையான்னு கேப்பாங்க. கழுத்தளவுக்கு வெட்டி விட்டுரு. நீ தையக்காரி, நேரா வெட்டுவே."

அவள் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

"உயிரோட இருக்கறப்ப அவன் பேச்சு நடந்துச்சு. சாவுலயாவது அப்பா பேரக் காப்பாத்துவோம்," என்று சொல்லி, கத்திரிக்கோலை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாடையைக் கட்டிய வெள்ளைத் துணிக்கு இரண்டு பக்கமும் முடி இறங்கிக் கிடந்தது. முழுக்க நரை. அந்தக் காலத்தில் அது கரேலென்று இருக்கும். முடியை நிமிர்த்தி நிறுத்த ஊருக்குள் எதுவும் கிடைக்காததால், சர்க்கரையைக் கரைத்துத் தடவிக்கொண்டு கிளம்புவார். கோடையில் குளவிகள் தெரு முனை வரை துரத்தும். கையை வீசிக்கொண்டே ஓடுவார். தெருவே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டேதான் ஓடுவார்.

மண்டியிட்டு ஒரு கற்றையைக் கையில் எடுத்தாள். ஈரமில்லாத, சில்லென்ற முடி. கத்திரிக்கோலைத் திறந்தாள்.

டங். டங். டங்.

சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாய் அதிர்ந்தது. கீழ் வீட்டு க்ளாவ்தியா. பாட்டுச் சத்தம் தாங்க முடியாதபோதெல்லாம் கரண்டியால் குழாயைத் தட்டுவாள். முப்பது வருடமாக நடக்கும் சண்டை அது. ஆனால் இப்போது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கர் கம்பிகளை அமன்தாய் நேற்றே பிடுங்கிப் போட்டுவிட்டார்.

டங். டங்.

கத்திரிக்கோலோடு படியிறங்கி ஓடினாள் ரிஸ்தி. அவள் தட்டுவதற்குள் க்ளாவ்தியாவே நைட்டியோடு கதவைத் திறந்தாள். எண்பத்திரண்டு வயதுக் கோபம் முகத்தில் கொதித்தது.

"விடிஞ்சதுலேருந்து ஒரே பாட்டு! அந்த அலறுற பாட்டு இருக்கே, அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கான். உங்க அண்ணனுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"அண்ணன் நேத்து சாயங்காலம் செத்துட்டாருங்க."

அவள் உதட்டசைவைப் படித்த கிழவியின் வாய் அப்படியே நின்றது. ரிஸ்தியின் கறுப்புத் தலைத்துணியை அப்போதுதான் பார்த்தாள். கை தானாகக் காதுக்குப் போய்த் தடவியது. பிறகு திரும்பி, கண்ணாடி டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்த காது மெஷினைப் பார்த்தாள்.

"நான் இன்னும் மெஷினே மாட்டலையேம்மா," என்றாள் மெதுவாக. "மெஷின் இல்லாம எனக்கு இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

இருவரும் வாசலிலேயே நின்றார்கள். மேலே யாரோ நடந்தார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மாடிப்படி ஏறும்போது ரிஸ்திக்குப் பழைய கோடை ஒன்று நினைவுக்கு வந்தது. அது ஆகஸ்ட் மாதம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. மேல்நாட்டு ராக் குழுக்கள் மாஸ்கோவுக்கு வந்து பாடப் போகின்றன என்று தெரிந்ததும் கைர்கெனுக்குச் சோறு இறங்கவில்லை. கேசட்டில் கேட்டே பத்து வருடம் ஓட்டியவர். பத்தாவது பிரதி எடுத்த கேசட்டில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து குரலைத் தோண்டி எடுத்துக் கேட்பார். இப்போது நேரிலேயே கேட்கலாம். மூன்று நாள் ரயில். அவரும் நண்பர் எத்வினும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். கூடாரத் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, ராத்திரி பகலாக உட்கார்ந்து அவருக்குக் கால்சட்டை தைத்தது ரிஸ்தி. அந்தப் பாட்டுகள் அவளுக்கும் மனப்பாடம்.

"என்னையும் கூட்டிட்டுப் போண்ணே," என்று கேட்டாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது.

"போடி, பொட்டப்புள்ளையக் கூட்டிக்கிட்டு நான் எங்க போய்ப் படுக்கறது?" என்று சிரித்தார்.

மறுநாள் அப்பா அவளைக் கூப்பிட்டு, "இந்தக் கோலத்துல மாஸ்கோ போனான்னா திரும்பி வரமாட்டான். முடிய எடுத்துட்டா வெக்கப்பட்டுக்கிட்டு வீட்லயே கிடப்பான்," என்றார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கைர்கென் மத்தியானம் அடித்துப் போட்டது போலத் தூங்கினார். அவள்தான் வெட்டினாள். கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. விழித்தவர் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நான்தாண்டா வெட்டினேன்," என்றார் அப்பா. ரயில் அவரில்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்தத் தலையில் யாரும் கத்தரி வைக்கவில்லை.

சமையலறையில் அமன்தாய் முல்லாவுக்குக் கிண்ணம் தேடிக்கொண்டிருந்தார். "முடிஞ்சுதா?"

கத்திரிக்கோலை மேஜையில் வைத்தாள். "நான் வெட்டமாட்டேண்ணே."

"என்னம்மா இது, நேரம் கெட்ட நேரத்துல..."

"ஒரு தடவ வெட்டினது போதும்."

"எப்ப வெட்டின? அன்னைக்கு அப்பால்ல வெட்டினாரு?"

"அப்பா இல்ல."

அமன்தாய் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு தானே உள்ளே போனார். வாசல் மணி அடித்தது.

முல்லாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலணியைக் கழற்றிக்கொண்டே திரைக்குள் எட்டிப் பார்த்தவர், அமன்தாயின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அது எதுக்கு ஐயா?"

"முடி... கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்னு..."

"கூடாது. இறந்தவங்க உடம்புலேருந்து ஒத்த முடி எடுக்கக்கூடாது. தானா உதிர்ந்தாலும் அதையும் கஃபன் துணியில வச்சுத்தான் அடக்கணும். அல்லா குடுத்ததோட போகட்டும், விடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சின்னப் பையனா இருக்கும்போது இவரு பஸ்ல வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்போம். நல்ல மனுஷன். உக்காந்திருந்தா எந்திரிச்சு இடம் குடுப்பாரு," என்றார்.

பதினொன்றரை மணிக்கு கர்க்கராலி உறவினர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, வாசல் வரை வந்து தயங்கி நின்றார்கள் கைர்கெனின் பழைய கூட்டாளிகளான மூன்று கிழவர்கள். தோல் ஜாக்கெட், இடுப்பில் சங்கிலி, பின்னிய நரைமுடி. அவர்கள் அசைந்தபோது சங்கிலி கிணுகிணுத்தது. உறவினர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அமன்தாய் தலையைக் குனிந்துகொண்டார். மூவரில் தாத்தார் இனத்தவரான ஷாக்கிர் ஒரு அடி முன்னே வைத்தார். துக்க வீட்டு வழக்கப்படி இரண்டு கையையும் விரித்தார்.

"ஐயோ என் உடன்பிறப்பே! என் சிறகே!"

நாற்பது வருடம் ராக் பாடி உரமேறிய தொண்டை அது. குரல் மேலே ஏறி, இன்னும் மேலே ஏறி, உடையும் இடத்தில் உடையாமல் நின்றது. மாடிப்படி முழுக்க அதிர்ந்தது. கர்க்கராலிக் கிழவர் ஒருவர் முதலில் எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து, அந்தத் தோல் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவ்வளவு நேரம் அந்த வீட்டில் யாரும் சத்தமாக அழவில்லை.

குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஒன்றரை மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அந்த மூவரில் இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆன எத்வினும் பனியில் நடக்க முடியாமல் பின்தங்கிவிட்டார். ஜெர்மன் வம்சத்துச் சொந்தமெல்லாம் ஜெர்மனிக்குப் போன பிறகும் காரகண்டாவை விடாதவர் அவர். "சும்மா உக்கார முடியலம்மா, ஏதாவது வேலை குடு," என்று சமையலறைக்கு வந்தார். ரிஸ்தி ஒரு கூடை உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்தாள். மோதிரம் போட்ட விரல்களால் தோல் சீவ ஆரம்பித்தார்.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது மாஸ்கோ கதையச் சொல்லச் சொல்வான்," என்றார். "மைதானம் எப்படி இருந்துச்சு, யாரு முதல்ல வந்தா, எந்தப் பாட்டுல மழை வந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். கடைசியில பாத்தா, போகாத அவன் போன என்னைத் திருத்துறான். 'அந்தப் பாட்டு மூணாவது இல்லடா, நாலாவது'ங்கறான். பழைய பத்திரிகையில பாத்தேன், அவன் சொன்னதுதான் சரி."

ரிஸ்தி உருட்டுக் கட்டையால் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டுவது நின்றுவிட்டது.

"எத்வினண்ணே. அன்னைக்கு அவரு முடிய வெட்டினது..."

"தெரியும்."

கிழங்குத் தோல் நீளமாகச் சுருண்டு இறங்கியது.

"அவனுக்கும் தெரியும்மா. அன்னைக்கே தெரியும். உங்கப்பாவுக்குச் சுரங்கத்துல துளை மெஷின் பிடிச்சுப் பிடிச்சுக் கை நடுங்கும்ல. டீக் கிண்ணத்தையே ரெண்டு கையாலதான பிடிப்பாரு? வெட்டு கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு. 'ரிஸ்தி வெட்டு'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

ஒவ்வொரு வசந்தத்திலும் புதுக் கால்சட்டைக்கு அளவு கொடுக்க அவளிடம்தான் வருவார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவள் கையில் கத்தரியும் நாடாவும் இருக்க, அந்த முடியெல்லாம் அவள் முகத்துக்கு நேரே தொங்கும். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாரா என்று யோசித்தாள். இல்லை. ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்.

எத்வின் கத்தியைக் கீழே வைத்தார். "போன மாசம் குடிச்சிருந்தப்போ ஒண்ணு சொன்னான். 'டேய், அவளையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கணும்டா. அவளுக்கு என்னைவிடப் பாட்டு நல்லாத் தெரியும்'னான்."

ரிஸ்தி மாவை எடுத்து மறுபடி உருட்ட ஆரம்பித்தாள். விளிம்பு கிழியும் அளவுக்கு மெலிந்த பிறகும் உருட்டிக்கொண்டிருந்தாள். எத்வின் அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார்.

மயானத்திலிருந்து ஆண்கள் வந்து கை கழுவினார்கள். இறைச்சியும் மாவுத் துண்டுகளும் தட்டுத் தட்டாகப் போயின. முல்லா ஓதினார். நான்கு மணிக்கு உறவினர்களின் வண்டிகள் கிளம்பிவிட்டன. ஷாக்கிர் எத்வினைத் தாங்கிப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

ரிஸ்தி ஜன்னலோரம் வந்து நின்றாள். கீழே பனியில் ஒரு பழைய கார். மூன்று பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஷாக்கிர் உள்ளே குனிந்து சாவியைத் திருப்பியதும் காருக்குள்ளிருந்து கிட்டார் ஒன்று திடீரென்று வெடித்துக் கிளம்பியது. பாதி மூச்சுகூட ஆகியிருக்காது, பதறிப்போய் அணைத்துவிட்டார். துக்க வீட்டு வாசலில் செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர்களைப் போல மூவரும் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்கள்.

குளிருக்காக ஜன்னல் விளிம்பு நெடுகக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. அக்டோபரில் கைர்கென் ஒட்டியது. ரிஸ்தி நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, மேலிருந்து கீழ் வரை கிழித்தாள். கொக்கியைத் தட்டி நீக்கி, இரண்டு கதவையும் முழுதாகத் திறந்தாள். பனிக்காற்று முகத்தில் அறைந்தது.

"சாத்தும்மா, வீடு குளுந்து போகும்," என்றார் அமன்தாய் பின்னாலிருந்து.

அவள் நகரவில்லை. அவர் டீக் கிண்ணத்தோடு எழுந்து வந்து, சாத்துவதற்காகக் கையை நீட்டினார். கீழே பார்த்தார். நீட்டிய கை ஜன்னல் சட்டத்தில் அப்படியே தங்கிவிட்டது.

ஷாக்கிர் இன்னும் மாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்க் கதவைத் திறந்து, சாவியை நோக்கி மெல்ல உள்ளே குனிந்தார்.