வெளுத்துப்போன நீலம்

ஆய்வகத்துக் குளிரறையில் நீலம் வெளுத்துக்கொண்டிருந்தது.

விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே நிக்கல் ஏற்றிய பொடி மணிகள், விடியற்கால வானத்தின் நிறத்தில். பாக்டீரியாவை உடைத்தெடுத்த கரைசல் மேலிருந்து சொட்டியது; பட்ட இடமெல்லாம் பால்வெள்ளை. மேகம் மெல்ல இறங்கி வருவது போல இருந்தது. அவள் ஒரு கணம் சொக்கிப்போய் நின்றாள். அடுத்த கணம் கத்தினாள்.

"ஐஸ்கட்டி! ஓடி வா!"

குளிரறையே கதியென்று கிடந்து அந்தப் பெயரைச் சம்பாதித்த சகா, கம்பளிக் குல்லாயோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன தாயே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"செல்லை உடைக்கும்போது எந்த மாத்திரை போட்ட?"

"எப்பவும் போடறதுதான். புரதம் சிதையாம இருக்க..." டப்பாவைத் திருப்பினான். குரல் உள்ளே போனது. "ஐயோ, இது இ.டி.டி.ஏ. கலந்தது!"

உலோகத்தைக் கண்டால் விடாத ரசாயனம் அது. குழாயின் நிக்கலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. நிக்கலைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டிய புரதமும் பிடி நழுவி வழிந்திருக்கும். போதாக்குறைக்கு, அந்தப் புரதத்தின் நெஞ்சிலிருந்த இரும்பும் போயிருக்கும். இரும்பு இல்லாவிட்டால் அது வெறும் பிணம்.

மனிதப் புரதம்தான், மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்த்தெடுத்தது. நம் செல்லுக்குள் அதற்கு ஒரே வேலை. ஆக்சிஜன் கிடைக்கும்வரை அதைக் குடித்து, அபாய மணியை அமுக்கிப் பிடித்திருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் கை தளரும், மணி அலறும். விதை பாக்டீரியா முழுக்க உறைபெட்டி பழுதில் செத்துவிட்டது. மிச்சம் இந்த ஒரே வளர்ப்பு. சாயங்காலத்துக்குள் புரதம் உயிரோடு இருப்பதைக் காட்டாவிட்டால் ஆய்வையே இழுத்து மூடுவதாக ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார்.

"வழிஞ்சது எங்க? கொட்டிட்டியா?"

"நானா? காலி டப்பாவைக்கூட தூக்கிப் போடாதவன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சியே!" கீழேயிருந்து ஒரு குடுவையை எடுத்து நீட்டினான். "இந்தா, சிரி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

கரைசலிலிருந்து இ.டி.டி.ஏ.வை வடித்துப் பிரித்தார்கள். குழாய்க்கு மறுபடி நிக்கல் ஊட்டினார்கள். வெண்மைக்குள் நீலம் ஊறி ஏறியது. இம்முறை புரதம் பற்றிக்கொண்டது. அதைக் கழற்றியெடுத்து, இழந்த இரும்பைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த இரும்பு கெடாமலிருக்கக் கொஞ்சம் வைட்டமின் சி. பிறகு குளிரறைக்கு வெளியே கொண்டுவந்து, புரதம் வேலை செய்ய வேண்டிய தீனியையும் சேர்த்து, ஆக்சிஜன் அளக்கும் சிறு கலத்தில் ஊற்றி மூடினாள்.

திரையில் கோடு நேராகப் போனது. பின்னும் நேராக. ஜன்னலில் மாலை வெயில் மஞ்சளாகக் கரைந்தது. கதவருகே தலைவரின் செருப்புச் சத்தம். அவளுக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருந்தது.

கோடு தயங்கியது. தலை சாய்ந்தது. பிறகு சரசரவென்று சரிவில் இறங்க ஆரம்பித்தது. கலத்துக்குள் ஆக்சிஜன் குறைந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளே அதைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐஸ்கட்டி அவள் தோளைத் தட்டினான்.

"அது மூச்சு இழுக்க ஆரம்பிச்சாச்சு தாயே. நீதான் இன்னும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. விடு."

அவள் விட்டாள்.