முனியாண்டிக்கு இன்னொரு சேவல்

அழகம்மா செய்த அசட்டுக் காரியம் இதுதான்: மகள் பூரணியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முன், தேயிலைத் தோட்டத்து முனியாண்டி சாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். பெரிய டாக்டர் முன்னால் பிள்ளைக்கு வலிப்பு வந்து மானம் போகக்கூடாது என்பது வேண்டுதல். முனியாண்டியும் குறை வைக்கவில்லை. எந்த மாத்திரைக்கும் அடங்காமல், வாரம் தவறாமல் விழுகிற எட்டு வயதுப் பிள்ளை, வார்டுக்கு வந்ததிலிருந்து ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து பன் தின்றாள்.

டாக்டருக்கோ வலிப்பைப் பார்த்தே ஆகவேண்டும். அறுபத்திரண்டாம் வருஷத்து ஏப்ரலில் கொழும்பிலிருந்து வந்தவர், நாளை திரும்பிவிடுவார். மாத்திரையைக் குறைத்தும் பார்த்தாயிற்று.

தெரேசா நர்ஸ்தான் விளக்கினாள். "வலிப்பு மூளையில ஒரே எடத்துல தொடங்குனா ஆப்பரேசன் பண்ணி எடுத்துறலாம். எல்லாப் பக்கமும் ஒண்ணா தொடங்குனா முடியாது. ஒங்க பிள்ளைக்கு எப்பிடித் தொடங்கும்?"

"தெரியலீங்க மிஸ்ஸி. கண்ணு சொருகுனதும் நான் சூடம் கொளுத்த ஓடிருவேன்."

பெற்றவள் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. அழகம்மாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வேகத்தில் வேண்டுதலையும் சொல்லிவிட்டாள். தெரேசா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண். ஆனாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப அவருகிட்டயே மாத்திச் சொல்லுங்க" என்றாள்.

அழகம்மா ஜன்னல் வழியே தோட்டத்து மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். "அய்யா, ஒண்ணே ஒண்ணு விடுங்க. இன்னொரு சேவலும் தாரேன்."

மறுநாள் காலை டாக்டர் கடைசியாகச் சுற்றி வந்தபோது பூரணியின் கண் சொருகியது. அழகம்மாவின் கால்கள் தாமாக ஓடப் பார்த்தன. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்து நின்றாள். இடது கட்டைவிரல் துடித்தது. பிறகு அந்தக் கை. பிறகு இடது வாயோரம். வலது கை சும்மா கிடந்தது. அழகம்மா கண்ணை எடுக்கவில்லை.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், அடங்கியதும் தெரேசாவிடம் இங்கிலீஷில் பேசினார்.

"ஒரே எடந்தானாம்," என்றாள் தெரேசா. "ஒடம்புல இடப்பக்கம் துடிச்சா மூளையில வலப்பக்கமாம். பேச்சுக்குப் பழுது வராதுன்னு நெனைக்கிறாரு. கொழும்புல இன்னும் சோதிச்சுப் பாத்துட்டு ஆப்பரேசன் பண்ணலாமாம்."

அழகம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பூரணி கண் விழித்தாள். "எனக்கு வந்துச்சாம்மா?"

இத்தனை வருஷமும் "இல்லடி, தூங்கிட்ட" என்று மழுப்பிய வாய் அது.

"வந்துச்சுடி தங்கம்," என்றாள் அழகம்மா. "ரொம்ப நல்லா வந்துச்சு."