நாற்பத்தொன்று புள்ளி ஏழு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை, புகார்க் கடிதமாகப் பிறந்தது. எங்கள் வட்டாரத்து வாரப் பத்திரிகைக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டேன். ஆசிரியர் இரண்டே வரியில் பதில் அனுப்பினார்: நீளம் அதிகம், கோபம் அதைவிட அதிகம், பெயர்களை மாற்றிக் கதையாக எழுதிப் பாருங்களேன் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதைதானே, எழுதித் தொலைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். பெயர்களை மாற்றிவிட்டேன். கோபத்தை மாற்றவில்லை.

விஷயம் இதுதான். டாம்சின் ஆங்கோவ் என் சிநேகிதி. வயது அறுபத்தொன்று. வீடுகளுக்குச் சுவர் பூசுகிற வேலை செய்து இடுப்பு மூட்டு தேய்ந்து, மாற்று மூட்டு வைத்துக்கொண்டவள். தரையில் கைத்தடி இல்லாமல் பத்தடி நடக்க மாட்டாள். அதே பெண் கடலில் இறங்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாசிக்காட்டுக்குள் போய்ப் படுத்து, பாஸ் மீன் தன் பக்கம் வரும்வரை காத்திருந்து, ஈட்டியால் குத்திக்கொண்டு வருவாள். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எங்கள் போர்த்கெரோவில் அவள் இறங்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, கைப்பிடிக் கம்பி வைத்த படித்துறை. மற்றதெல்லாம் செங்குத்துப் பாறை. அந்தப் படித்துறையில் ஈட்டியோடு யாரும் இறங்கக் கூடாது என்று துறைச் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் அவளுக்குக் கடல் முடிந்தது.

முப்பது வருஷத்தில் ஒரே ஒரு மீன் அளவில் குறைந்துபோனதற்காக!

2.

முதல் தொடக்கம்: "ஆகஸ்ட் மாதத்துக் கடல் பச்சைக் கண்ணாடியாகத் தகதகத்துக் கொண்டிரு

வேண்டாம். அந்தத் தண்ணீருக்குள் நான் ஒருநாளும் தலையை விட்டதில்லை. எனக்கென்ன தெரியும்? நான் பஸ் ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக இந்தக் கரையில் இருக்கிறேன். என் பெயர் சேந்தன், இவர்கள் வாயில் சென். டாம்சின் இறங்கும்போது பாறையில் உட்கார்ந்து அவளுடைய ஆரஞ்சு மிதவையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. மிதவை இருக்கிறது, ஆள் வரவில்லை என்றால் கத்த வேண்டும். அவ்வளவுதான் என் கடல் ஞானம்.

இரண்டாம் தொடக்கம்: "டென்சில் ஹாக்கிங் ஒரு கெட்டவன்."

ஆஹா, எவ்வளவு வசதியான வாக்கியம்! தீர்மானம் கொண்டுவந்தவன் அவன்தான். துறைச் சுவர்மேல் நின்று தூண்டில் போடுகிறவன். ஆனால் என் அப்பா இறந்த செய்தி வந்த அன்று, கொட்டுகிற மழையில் நான்கரை மணி நேரம் காரோட்டி என்னை விமான நிலையத்தில் விட்டவனும் அவன்தான். பெட்ரோலுக்குக்கூட ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தான் என்று பார்த்தால் இப்படி ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறான். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு அவன்மேல் கோபம்.

[பேச்சு பற்றி ஒரு குறிப்பு. இவர்கள் யாரும் தமிழ் பேசுவதில்லை. ஆனால் எதிரே வருகிற தபால்காரரைக்கூட 'அன்பே' என்று கூப்பிடுகிற ஊர் இது. அதை நான் 'கண்ணு' என்று எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.]

[மீன் பற்றி ஒரு குறிப்பு. பாஸை நம்முடைய கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைப்பேன். டாம்சின் வெண்ணெயில் வாட்டி, "நீ மீனைச் சேத்துல புதைக்கிற" என்பாள்.]

3.

அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. அலை அதிகமில்லை. டாம்சின் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள், கைத்தடியை என்னிடம் எறிந்தாள், போய்விட்டாள். நாற்பது நிமிஷம் கழித்து மீனோடு வந்தாள். செவுளுக்குப் பின்னால் ஒரே குத்து. சுத்தமாகச் செத்திருந்தது.

மிதவைப் பலகையில் அளவுகோல் ஒட்டியிருக்கும். மீனைக் கிடத்தி அளப்பது என் பங்கு. நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த பாஸை எடுத்துக்கொள்ளக் கூடாது, அது சட்டம். மூக்கைப் பலகையின் ஓரத்தில் வைத்தேன். வால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வாலின் இரண்டு முனைகளையும் விரலால் சேர்த்து அழுத்தினேன். அழுத்தினால் கொஞ்சம் நீளும்.

"நாப்பத்திரெண்டு. தாராளமா இருக்கு" என்றேன்.

"வாலை விடு, கண்ணு."

"இருக்குன்னு சொல்றேன்ல?"

"உன் விரலு இருக்கு. மீனு இல்ல. விடு."

விட்டேன். நாற்பத்தொன்று புள்ளி ஏழு. மூன்று மில்லிமீட்டர்! நகத்தைக் கத்தரித்தால் விழுமே, அவ்வளவு!

தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஈட்டிக்காரர்கள் அதைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். டாம்சின் கழித்துப் பார்க்கத் தெரியாதவளா? ஆனால் ஈட்டியில் ஒரு சங்கடம் இருக்கிறது. தூண்டில்காரன் சின்ன மீன் வந்தால் கழற்றி விட்டுவிடலாம். ஈட்டி பாய்ந்த மீனை எப்படிக் கழற்றி விடுவது? சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? அளவு குறைந்தால் கடலிலேயே போட்டுவிட வேண்டும். உயிரோடா, பிணமாகவா என்று சட்டம் கேட்பதில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

செத்த மீனைக் கடலில் போட்டாள். அலை அதைப் படித்துறையிலேயே கொண்டுவந்து போட்டது. கடற்காகங்கள் வந்து கண்ணைத்தான் முதலில் கொத்தின. சுவர்மேலிருந்து டென்சில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

4.

இந்தப் பகுதி கட்டுரை. கதை மட்டும் வேண்டுமென்பவர்கள் ஐந்துக்குப் போகலாம். போகாதீர்கள், இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பாஸ் எடுக்கத் தடை. ஈட்டிக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். தூண்டில்காரர்கள் மட்டும் பிடிக்கலாம், விட்டுவிட்டால் போதும். டென்சில் பிடிப்பான், மடியில் வைத்துப் படம் எடுப்பான், நெற்றியில் முத்தம் கொடுப்பான், தண்ணீரில் விடுவான். தொண்டையில் கொக்கி மாட்டிப் பத்து நிமிஷம் இழுபட்டு, வெயிலில் படத்துக்கு நின்று, முத்தமும் வாங்கிய மீன் அந்தப் பக்கம் போய்ப் பிழைத்ததா செத்ததா? யாருக்குத் தெரியும்! விட்ட கணக்கில் அது உயிரோடு இருக்கிறது.

சுவரடியில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"என்னப்பா சென், சண்டைக்கா வந்திருக்க?"

"ஆமா. ஊர் வாட்ஸாப் குழுவுல அந்தப் படத்தை எதுக்குப் போட்ட?"

"நான் முத்தம் குடுத்து விடுறேன். அவ கொன்னு விடுறா. அதான் போட்டேன்."

"ஒரு மீன், டென்சில். முப்பது வருஷத்துல ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்றான்.

"ஒண்ணுதான்."

அவன் கண் சிவந்திருந்தது. நடிப்பு இல்லை. "அந்தக் காகம் கொத்துனதைப் பாத்துட்டு ராத்திரி சோறு எறங்கலப்பா எனக்கு" என்றான். உண்மையாகவே வருத்தப்படுகிற மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது? நீங்களே சொல்லுங்கள்.

ஊர்க் குழுவில் நூற்று நாற்பது பேர் எழுதினார்கள். கொலைகாரி என்று ஒருத்தர். கிழவிக்கு எதற்கு ஈட்டி என்று ஒருத்தர். இவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வாங்கித் தின்கிற பொரித்த மீன் என்ன, மரத்திலா காய்க்கிறது?

5.

கூட்டம் அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு, தேவாலயத்துக் கூடத்தில். சங்கத்தில் ஒன்பது உறுப்பினர்கள். அதில் நான் ஒருவன், கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். தலைவி வின்னி செக்விடன், எண்பது வயது, ஒரு மணியும் ஒரு பென்சிலும் எப்போதும் கையில் இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. எழுதிய நூற்று நாற்பது பேரில் ஒரு ஆள் வரவில்லை. ஒரு ஆள்! குங்குமப்பூ பன் இரண்டு தட்டு அப்படியே கிடந்தது.

வழியில் பஸ்ஸில் டாம்சின் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எனக்காகப் பொய் சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றேன்.

டென்சில் படத்தைக் காட்டினான். வின்னி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சென், பாறையில உக்காந்து பாக்கறவன் நீதான். இந்த மாதிரி எத்தனை?"

"ஒண்ணுதான் வின்னியக்கா. இது ஒண்ணுதான்."

டாம்சின் கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"மூணு" என்றாள். "ஈஸ்டர்லேருந்து மூணு. இடது கண்ணுல புரை. ஆபரேஷனுக்கு இன்னும் பதினாலு மாசம் வரிசையில நிக்கணும். மொதல் மீனு குறைஞ்சப்பவே கண்ணு சரியாகற வரைக்கும் எறங்கறதில்லைன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணேன். ரெண்டாவதுக்கும் பண்ணேன். சென்னுக்கு எல்லாம் தெரியும்."

தெரியும். மூன்று தடவையும் அளவுகோலைப் பிடித்தவன் நான்தான். மூன்று தடவையும் வாலை அழுத்தியவன் நான்தான்.

[ஆமாம், உங்களிடமும் ஒன்று என்றுதான் சொன்னேன். முதல் பகுதியில் ஆச்சரியக்குறி வேறு போட்டேன். அழித்துவிடலாம், அழிக்கவில்லை. எப்படிப்பட்ட ஆள் உங்களுக்குக் கதை சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.]

அந்த இடத்தில் எனக்கு யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? அவள்மேல்! உட்கார்ந்திருந்தால் போதுமே, மகராசி! ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் ஏழுக்கு இரண்டு என்று தீர்மானம் தோற்றிருக்குமே!

வின்னி பென்சிலைத் திருப்பி டென்சிலைக் காட்டினாள்.

"உன்னோடது எத்தனை, டென்சில்?"

"என்னோடது என்ன?"

"விட்டப்புறம் செத்து மெதந்தது."

"அதை..." என்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "அதை யாரு எண்ணுனா, வின்னி?"

"இவ எண்ணியிருக்கா."

6.

இங்கே சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) டென்சில் கண் கலங்கித் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறான். எல்லோரும் பன் தின்கிறார்கள். சீ! அவன் திரும்பப் பெறவில்லை. "நான் எண்ணலைங்கறதுக்காக அவ கொன்னது சரியாயிடாது" என்றான். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய?

(ஆ) டாம்சின் ஈட்டியை எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து நடந்து போகிறாள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. ஆனால் அவளால் நிமிர்ந்து நடக்க முடியாது, ஈட்டியையும் அவள் கொண்டுவரவில்லை.

(இ) மருத்துவமனையிலிருந்து கடிதம் வருகிறது, அறுவை சிகிச்சை அடுத்த வாரமே எ

இந்த வாக்கியத்தை முடிக்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாருக்கு வந்திருக்கிறது அப்படி ஒரு கடிதம்?

7.

நடந்தது இது. வாக்கெடுப்பு. வின்னி சொன்னாள்: "சென் ஓட்டு சேராது. இந்தக் கூடத்துல நின்னு பொய் சொல்லியிருக்கான்."

"அக்கா, நான் அவளுக்காகத்தான்..."

"தெரியும் கண்ணு. உக்காரு."

மீதி எட்டுப் பேர். தடைக்கு நான்கு கை. எதிராக நான்கு கை.

எங்கள் சங்கத்தில் ஒரு பழைய விதி உண்டு. கை சமமாக நின்றால், உறுப்பினராக இல்லாத ஒருவரை, பேச்சு முழுவதையும் முதலிலிருந்து கேட்ட ஒருவரை, எழுப்பி அவர் ஓட்டைக் கேட்க வேண்டும். தடை ஒருமுறை வந்துவிட்டால் வந்ததுதான், கண் சரியான பிறகும் படித்துறை திறக்காது. வின்னி காலி நாற்காலிகளைப் பார்த்தாள். நூற்று நாற்பது பேர்! வீட்டில் உட்கார்ந்து விரலால் கொலைகாரி என்று தட்டத் தெரிந்தது, நனைந்துகொண்டு வரத் தெரியவில்லை.

அதனால் கதவைத் திறந்து உங்களை உள்ளே கொண்டுவந்து உட்கார்த்துகிறேன். எழுதுகிறவனுக்கு உள்ள ஒரே வசதி இதுதான். நீங்கள் உறுப்பினர் இல்லை. முதலிலிருந்து கேட்டீர்கள். மூன்று என்பதையும் கேட்டீர்கள், டென்சில் எண்ணாததையும் கேட்டீர்கள். நிஜத்தில் கடைசியில் என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்க வேண்டாம். சொல்ல மாட்டேன். சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது.

"தடை வேணும்னா கையைத் தூக்குங்க. வேணாம்னா சும்மா இருங்க" என்கிறாள் வின்னி.

டாம்சின் உங்கள் பக்கம் திரும்புகிறாள். நல்ல கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள். நான் அவளுக்குக் கண்ஜாடை காட்டுகிறேன், பேசாதே, பேசாதே என்று. அவள் கேட்டால்தானே!

"ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க, கண்ணு" என்கிறாள் உங்களிடம். "நாளைக்குக் காலைல ஒம்பதே காலுக்கு தண்ணி நல்லா இருக்கும். நீங்க கையைத் தூக்கலைன்னா நான் எறங்கிடுவேன்."